கன்னத்தில் ஒரு தடிப்பு, கழுத்தில் வேறொன்று

என் மனைவிக்கு நெருப்புக் காய்ச்சல், டைபொயிட், என்று வவுனியா ஆஸ்பத்திரியில் சொன்ன நேரம் எங்கள் மகளுக்கு எட்டு மாதம். இருத்திவிட்டால் இருப்பாள், கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து விழுவாள். விழுந்த பிறகு அழுவதா விடுவதா என்று எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வாள்.

"பிள்ளையைத் தாய்க்குக் கிட்டக் கொண்டுவரக் கூடாது. பாலும் குடுக்கேலாது. நீங்கள் வீட்டை கொண்டுபோங்கோ," என்றா வார்ட்டில் நின்ற நேர்ஸ்.

நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கனகராயன்குளம் வந்து சேரும்வரை அவள் என் சட்டைக் கழுத்தைச் சூப்பிக்கொண்டே வந்தாள். அது பசியா, பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது அந்தப் பஸ்ஸில்தான் விளங்கத் தொடங்கியது.

நான் அங்கே உபதபாலதிபர். பெயர்தான் பெரிது. எங்கள் வீட்டின் முன்னறைதான் தபால் கந்தோர். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு தராசு, முத்திரை வைக்கும் லாச்சி, வீதியைப் பார்த்த கம்பி வலை போட்ட யன்னல். காலையில் பஸ்ஸில் வரும் தபால் பையை இறக்கி, கடிதங்களைப் பிரித்து, வருகிறவர்களுக்குக் கொடுத்து, பின்னேரம் போகிற பையைக் கட்டி ஏற்றிவிட வேண்டும். கந்தோரைப் பூட்டிவிட்டுப் பிள்ளையைப் பார்க்க முடியாது. பிள்ளையை விட்டுவிட்டுக் கந்தோரைப் பார்க்கவும் முடியாது. வந்து உதவவும் ஆள் இல்லை. மனைவிக்குத் தாய் இல்லை. என் பக்கத்தில் ஒரு தங்கை மட்டும். அவள் யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்தாள். ஆகவே குசினிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த பிள்ளையின் சீலை ஏணையை அவிழ்த்துக் கொண்டுவந்து கந்தோர் அறைக் கூரை வளையில் கட்டினேன்.

பின்வளவில் ஒரு அக்கா இருந்தா. ஆறோ ஏழோ பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவ. காலையில் தன் மாட்டுப்பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, சூப்பிப் போத்தலில் விட்டுத் தருவா. எப்படிப் பிடித்துப் பருக்குவது என்று முதல் நாள் காட்டித் தந்தா. ஆனால் அது பங்குனி. வயல்களில் அறுத்த நெல்லைச் சூடு மிதிக்கிற காலம். பாலைத் தந்துவிட்டு அவ களத்துக்குப் போய்விடுவா. பிறகு நானும் பிள்ளையும் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் தனியே இருப்போம்.

துணி தோய்ப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. பிள்ளைக்குக் கட்டும் துணிகளைக் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு, நுரை பொங்கப் பொங்கத் தேய்ப்பேன். நுரை கூடினால் சுத்தம் கூடும் என்று நம்பினேன். யன்னலில் யாராவது "மாஸ்ரர்!" என்று கூப்பிடுவார்கள். ஒரு தண்ணீரில் முக்கிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு ஓடுவேன். பிள்ளை நனைந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. நனைந்தது தெரியக்கூடாது என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு துணியை இறுக்கிக் கட்டினேன். கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கன்னம் சிவந்தது. வலது கன்னத்தில் ஒரு சொரசொரப்பு. நுளம்பு கடித்ததாக்கும் என்று விட்டேன். பிறகு இடது கன்னத்திலும் வந்தது. அடுத்து, கழுத்து மடிப்பில் ஊசி முனை போலச் சின்னச் சின்னக் குருக்கள். அதற்குப் பிறகு ஒரு காலையில் துணியை அவிழ்த்தபோது இடுப்பும் தொடையிடுக்கும் சுட்ட தோல் போலச் சிவந்து கிடந்தன.

எனக்கு உடனே வந்த பயம் ஒன்றுதான். தாய்க்கு நெருப்புக் காய்ச்சல். அது பிள்ளைக்கும் வந்துவிட்டதோ? அந்தக் காய்ச்சலில் உடம்பில் சிவப்பு விழும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. என் நெற்றியைத் தொட்டேன். அதுவும் சுட்டது. மேசையைத் தொட்டேன். பங்குனி வெயிலில் அதுவும் சுட்டது.

களத்தால் வந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தா.

"உது கிரந்தி தம்பி. பிள்ளையளுக்கு வாறதுதான். வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசி வாருங்கோ."

பூசினேன். பிள்ளை மஞ்சளாக, பச்சையாக, என் மடியில் இருந்துகொண்டு வீறிட்டது.

ஒரு தபால் கந்தோரில் ஒன்றை மறைக்க முடியாது. ஊர் முழுவதும் அந்த யன்னலுக்கு வரும். முத்திரை வாங்க வந்த ஒரு பெண் பிள்ளையின் கழுத்தை எட்டிப் பார்த்து, "உது வெறும் வேர்க்குரு. தேங்காயெண்ணெய் வையுங்கோ," என்றா. வைத்தேன். வேறொருவர் பவுடர் போட்டால் காய்ந்துவிடும் என்றார். எண்ணெயின் மேலேயே பவுடரும் போட்டேன். அது பசையாகிக் கழுத்து மடிப்பில் உருண்டது. இன்னொருத்தி, கரப்பன் என்றும், தாய் கருவாடு தின்றிருப்பா என்றும் சொன்னா. தாயின் பாலையே பிள்ளை குடித்து நாளாகிவிட்டது என்றேன். "அதுதான், உள்ளுக்கை நிண்டு இப்ப வெளியிலை வருது," என்றா.

ஒவ்வொருவர் பேச்சும் கேட்கிற நேரம் சரியாகவே இருந்தது. அவர்கள் போன பிறகு அடுத்தவர் வருவார். அவருடைய பேச்சும் சரியாக இருக்கும்.

கடைசியில் வயல்காரர் ஒருவர் காசுக்கட்டளை மாற்ற வந்தார். ஏணைக்குள் எட்டிப் பார்த்தவர், யன்னலை விட்டு ஓரடி பின்னால் போனார்.

"மாஸ்ரர், உது சின்னமுத்தெல்லோ?"

"இல்லை... அப்பிடி ஒருதரும் சொல்லேல்லை."

"சொல்ல மாட்டினம். அம்மாள் வந்த வீட்டிலை நிண்டு ஆர் சொல்லுவினம்? காசை அந்தப் பலகையிலை வையுங்கோ, நான் எடுக்கிறன்."

அடுத்த நாள் காலை வேலிப் படலையில் யாரோ ஒரு வேப்பங்கொத்தைச் செருகியிருந்தார்கள். யார் என்று தெரியாது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சின்னமுத்தும் ஒரு அம்மை; அம்மாள் வந்த வீட்டுக்குச் செய்கிற மரியாதை அது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் வீதியில் நின்றபடியே "எங்கடை வீட்டுக்குக் கடிதம் இருக்கோ?" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். நானும் இங்கிருந்து குரல் கொடுத்தேன். பஸ் கொண்டக்ரர் தபால் பையை வாங்கி, உள்ளே வைக்கப் பயந்து, கூரைக்கு மேலே எறிந்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மாள் என்றால் பிள்ளைக்குக் குளிக்க வார்க்கக் கூடாது. கிரந்தி என்றால் வார்க்க வேண்டும். அன்றைக்குப் பிள்ளையைப் பாதி துடைத்து, பாதி துடைக்காமல் விட்டேன்.

பின்வளவு அக்காவுக்குக் கோபம் வந்தது. "சின்னமுத்தோ? காய்ச்சல் இல்லை, கண் சிவப்பில்லை, மூக்காலை ஓடேல்லை. என்ன விசர்க் கதை!" என்று சொல்லிப் படலையில் இருந்த கொத்தைப் பிடுங்கி எறிந்தா. ஆனால் தொடையிடுக்கைப் பார்த்தபோது அவவும் கொஞ்சம் யோசித்தா. "இது முந்தி இல்லையே," என்று மட்டும் சொன்னா.

பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வவுனியாவுக்குப் போனேன். மனைவி கண்ணை மூடியபடி கிடந்தா. உதடு வெடித்திருந்தது. நான் வந்தது தெரிந்து கண்ணைத் திறந்தா.

"பிள்ளை?"

"சாப்பிடுறாள், சிரிக்கிறாள். உடம்பிலை கொஞ்சம் தடிப்பு. என்ன பூசிறதெண்டு தெரியேல்லை."

அவ மறுபடி கண்ணை மூடினா. பிறகு வெகு நிதானமாகச் சொன்னா: "அலுமாரியிலை மேல்தட்டிலை ஒரு போத்தல் இருக்கு. பச்சை மூடி. குளிக்க வாத்திட்டு ரெண்டு சொட்டுப் பூசுங்கோ. மாறிப்போம்."

எனக்கு ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. தாய் சொல்லிவிட்டா. இனி ஊர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் மூன்று போத்தல்கள் இருந்தன. ஒன்றுக்கு மூடியே இல்லை. துணிச் சுருள் அடைத்திருந்தது. ஒன்றின் மூடி கறுப்பு. மற்றது தக்கை. பச்சை மூடி எதிலும் இல்லை. மூன்றையும் மோந்து பார்த்தேன். மூன்றும் மருந்துதான். எது பிள்ளைக்கு, எது கால் உளைவுக்கு? என் கையை நீட்டி முழங்கைக்குக் கீழே ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்துக் காத்திருந்தேன். முதலாவது ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது குளிர்ந்தது. மூன்றாவது தீப்பிடித்தது போல எரிந்தது. கிணற்றடிக்கு ஓடிக் கையைக் கழுவினேன். எரிந்த மருந்து பிள்ளையின் தொடையில் பட்டிருந்தால்? மூன்றையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பின்னாளில் மனைவியிடம் அந்தப் பச்சை மூடியைப் பற்றிக் கேட்டேன். "என்ன பச்சை மூடி?" என்றா. அப்படி ஒரு போத்தல் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. காய்ச்சலில் கிடந்தவ அதை எங்கே கண்டாவோ.

பிள்ளை இப்போது நனைந்தவுடன் வீறிடத் தொடங்கியிருந்தாள். மூத்திரம் பட்ட இடம் எரிகிறது என்று எனக்கு விளங்கியது. விளங்கி என்ன? இன்னும் கூடச் சவர்க்காரம் போட்டுத் துணியைத் தேய்த்தேன்.

அந்த நாட்களில்தான் புடவை வியாபாரி வந்தார். வவுனியாப் பக்கத்து முஸ்லிம் ஆள். துணிப் பொட்டணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீதியோர ஊர்களுக்கெல்லாம் போவார். நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பிள்ளைக்குத் துணி வேண்டும் என்று மனைவி அவரிடம்தான் வாங்கியிருந்தா. சின்னமுத்துக் கதை அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் நேரே உள்ளே வந்து ஏணையைப் பிரித்துப் பார்த்தார்.

"யா அல்லா, மாஸ்டர், இது என்ன இப்பிடிக் கிடக்குது?"

கொடியில் காய்ந்த ஒரு துணியை எடுத்துவரச் சொன்னார். கையில் வாங்கி மடித்தார். அது அப்பளம் போல விறைத்து நின்றது. அவர் முகம் மாறிவிட்டது.

"என்ட துணிதானே? கஞ்சி கூடின துணியாப் போச்சோ? கடைக்காரன் ஏமாத்திப் போட்டானோ? புள்ளைக்கு என்ட துணியாலதான் இது வந்ததெண்டா நான் என்ன செய்ய மாஸ்டர்?"

அவருடைய கவலையைப் பார்த்து எனக்குக் கவலை வந்தது. இப்போது கிரந்தி, வேர்க்குரு, கரப்பன், சின்னமுத்து, நெருப்புக் காய்ச்சல் எல்லாவற்றோடும் கஞ்சியும் சேர்ந்துகொண்டது. அவர் விடவில்லை. புளியங்குளத்து மருந்துச்சாலைக்குப் போவோம், நானும் வருகிறேன் என்றார். பின்னேரப் பையைக் கட்டிவிட்டுக் கந்தோரைக் கொஞ்சம் முந்திப் பூட்டினேன். அவர் சைக்கிளை எங்கள் வளவில் விட்டுவிட்டுப் பிள்ளையின் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

அங்கே நோயாளரைப் பார்க்கும் அப்போதிக்கரி கண்ணாடி போட்ட, சோர்ந்த முகமுள்ள மனிதர். அன்றைய கடைசி ஆட்கள் நாங்கள். மேசைத் துணியை விரித்து, "எல்லாத்தையும் கழட்டுங்கோ," என்றார்.

"கழுத்திலைதான் ஐயா முதல்..."

"கழட்டுங்கோ. முழுப் பிள்ளையையும் பாப்பம்."

சட்டை, துணி, அரைஞாண் எல்லாம் கழற்றினேன். பிள்ளை வெறும் மேலோடு அந்த மேசையில் மல்லாந்து கிடந்து, விசிறியைப் போலக் காலை அடித்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது. அத்தனை நாளும் பிள்ளையை ஒருவரும் முழுதாகப் பார்க்கவில்லை. யன்னலால் பார்த்தவர்களுக்குக் கன்னம் மட்டும் தெரிந்தது. எட்டிப் பார்த்தவர்களுக்குக் கழுத்து. நான் துணி மாற்றும்போது இடுப்பைப் பார்த்தேன்.

"ஆர் ஆர் என்ன சொன்னவை?" என்று கேட்டார். எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பூசியவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விரலால் கழுத்து மடிப்பை விரித்தார்.

"இது வேர்க்குரு. வெக்கை. நீங்கள் எண்ணெயும் பவுடரும் போட்டு வேர்வை போற வழியையும் அடைச்சுப் போட்டியள். இனி ஒண்டும் போடாதையுங்கோ. பச்சைத் தண்ணியிலை துடைச்சு ஈரம் ஒத்தி எடுங்கோ." பிறகு தொடையை விரித்தார். "இது வேறை. ஈரத் துணி கன நேரம் கிடந்து தோல் அவிஞ்சு போச்சு. மடிப்புக்குள்ளையும் சிவப்பு, சுத்திவரச் சின்னப் புள்ளியள், பாத்தியளே? அதுக்கு மேலை பூஞ்சணமும் பிடிச்சிருக்கு. துணி கொண்டுவந்தனீங்களோ?"

புடவை வியாபாரி பையிலிருந்த துணியை எடுத்து நீட்டினார். "கஞ்சியா இருக்குமோ ஐயா?"

அப்போதிக்கரி துணியை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுக் கசக்கினார். தண்ணீர் நுரைத்தது. தோய்த்துக் காய்ந்த துணி அது!

"கஞ்சியில்லை, சவுக்காரம். நல்லாத் தோய்க்கிறியள் மாஸ்ரர். ஆனால் அலம்பிறேல்லை."

வியாபாரி பெரிய மூச்சு விட்டார். எனக்கு மூச்சு வரவில்லை.

"அப்ப கன்னம்?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார்.

"தெரியேல்லை," என்றார். "மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். வாயாலை வீணி வடியிறதாலை இருக்கலாம். உங்கடை சட்டையிலை முகத்தைத் தேய்க்கிறதாலை இருக்கலாம். சும்மாவும் வரும். கரப்பன் எண்டு சொன்னவை பிழையெண்டும் சொல்லேலாது."

"நெருப்புக் காய்ச்சல் இல்லையோ?"

"உடம்பு சுடேல்லை. பால் குடிக்கிறாள். இப்பிடிக் காலடிக்கிறாள். இது அந்தக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் வந்தால், பால் குடியாமல் சோர்ந்து போனால், கொப்புளம் வந்து சீழ் வைச்சால் உடனை கொண்டுவாங்கோ. இல்லாட்டிப் பயப்பிடாதையுங்கோ."

ஒரு சின்னப் போத்தலில் ஊதா மருந்து தந்தார். தொடையிடுக்கில் மட்டும் பூச வேண்டும். துணியை நான்கைந்து தண்ணீரில் அலம்பி, கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் காயவிட வேண்டும். நனைந்தவுடன் மாற்ற வேண்டும். முடிந்த நேரமெல்லாம் துணியே கட்டாமல் பாயில் விட வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். நான் எதிர்பார்த்துப் போனது இதைவிடப் பெரிய ஏதோ ஒன்று.

அடுத்த நாள் முதல் கந்தோர் மேசைக்குப் பக்கத்தில் பாய் விரித்து, பிள்ளையை அப்படியே விட்டேன். பாய் நனைந்தால் துடைத்தேன். ஆனால் ஊதா மருந்து தொடையிடுக்கில் நிற்கவில்லை. பிள்ளை கையால் தொட்டாள். கையை வாயில் வைத்தாள். வாயைத் துடைத்த என் சட்டையில், என் சட்டையைத் தொட்ட கடித உறையில், தராசுத் தட்டில், எங்கும் ஊதா. என் மேசையில் ரப்பர் முத்திரைக்கு வைத்திருந்த மைப்பெட்டியும் அதே ஊதா. யன்னலுக்கு வந்தவர்கள் ஊதா உதட்டோடு சிரிக்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"என்ன மாஸ்ரர், பிள்ளைக்கும் சீல் குத்திப் போட்டியளோ?"

"மருந்து," என்றேன்.

"மையோ மருந்து?"

விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த கிழமை யாரோ ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யன்னலுக்கு வந்து, "கொஞ்சம் அந்த மையைத் தாங்கோ, இவனுக்கும் அரையிலை சிவந்திருக்கு," என்று கேட்டா. துணியை நன்றாக அலம்பி, காற்றுப் பட விடும்படி சொல்லி, மருந்துச்சாலைக்கு அனுப்பினேன். நான் மையை ஒளித்து வைத்துக்கொண்டு தர மறுக்கிறேன் என்று அவ நினைத்திருப்பா. முகம் அப்படித்தான் இருந்தது.

கழுத்து முதலில் ஆறியது. தொடைச் சிவப்பு மெல்ல வாடி, தோல் உரிந்து, உள்ளிருந்து புதுத் தோல் வந்தது. நனைந்தால் பிள்ளை வீறிடுவது நின்றது. ஒருநாள் நனைந்ததே தெரியாமல் கடித உறை ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்துக்குரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கன்னம் மட்டும் அப்படியே இருந்தது. சில நாள் குறையும், சில நாள் கூடும். எதனால் என்று பிடிபடவில்லை.

மனைவிக்குக் காய்ச்சல் விட்டது என்று அறிந்து பிள்ளையையும் கொண்டுபோனேன். உள்ளே விடவில்லை. வெளியே, வார்ட் யன்னலுக்கு நேரே நின்று பிள்ளையை உயர்த்திக் காட்டினேன். காய்ச்சலில் முடி கொட்டியதால் மனைவிக்குத் தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். கண் பெரிதாகவும் முகம் சிறிதாகவும் இருந்தது. கட்டிலில் எழுந்திருந்து பார்த்தவ, வாயில் கையை வைத்தா.

"ஐயோ, ஏன் பிள்ளையின்ரை வாய் ஊதா?"

"மருந்து! பயப்பிடாதையும்! நாட்பட்ட ஈரத்தாலை..." என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்களில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாவல்பழம் குடுத்தனீங்களோ?"

"இல்லை, மருந்து! அது அரைக்குப் போட்டது!"

"அரைக்குப் போட்டது ஏன் வாயிலை?"

அதற்கு ஒரு பதில் இருந்தது. ஆனால் யன்னலுக்கு வெளியே நின்று கத்திச் சொல்லக்கூடிய பதில் அல்ல. அவ சிரித்தா, சிரித்தபடியே அழுதா. பிள்ளை அந்த மொட்டைத் தலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மனைவியின் சிரிப்பு நின்றது.

சித்திரையில் அவ வீட்டுக்கு வந்தா. மெலிந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தா. பிள்ளையை அவவின் மடியில் வைத்தேன். பிள்ளை அலறியது. இறக்கி என் தோளில் போட்டால் அடங்கியது. மனைவி தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு பார்த்தா. பாட்டுப் பாடிப் பார்த்தா. குரல் தெரிந்தது போல ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கும். முகத்தைக் கண்டதும் அழும்.

"நான் ஆரெண்டு தெரியேல்லை அவளுக்கு," என்றா.

"தலைமயிர் வளரத் தெரியும்."

"அது வளர எவ்வளவு காலம்? அதுக்குள்ளை?"

பால் பருக்குவது, துணி மாற்றுவது, குளிக்க வார்ப்பது எல்லாம் நான்தான் செய்தேன். அவ கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பா. "அவ்வளவு இறுக்காதையுங்கோ," என்பா. "ஒருக்கால் கூட அலம்புங்கோ." நான் செய்கிற விதம் சரியா பிழையா என்று அவவுக்கும் சில நேரம் தெரியவில்லை. அவ போகும்போது இருந்த பிள்ளை அல்ல இது. இப்போது தவழுகிறது.

கன்னத்தைப் பார்த்து அவ ஒருநாள் கேட்டா: "உது மாட்டுப்பாலாலையோ?"

"இருக்கலாம் எண்டு அப்போதிக்கரி சொன்னவர். இல்லாமலும் இருக்கலாமாம்."

அந்தக் கதை பின்வளவு அக்காவின் காதில் விழுந்துவிட்டது. "என்ரை மாட்டுப்பாலிலை என்ன குறை? அந்தப் பாலைக் குடிச்சுத்தானே பிள்ளை உயிரோடை கிடக்குது!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னா. அது உண்மை. அவ இல்லாவிட்டால் அந்தக் கிழமைகளை நாங்கள் எப்படிக் கடந்திருப்போம்? மனைவி வேலியடிக்குப் போய் அவவின் கையைப் பிடித்துக்கொண்டா. பாலை முழுதாக நிறுத்தவும் மனம் வரவில்லை, முழுதாகக் கொடுக்கவும் மனம் வரவில்லை. கஞ்சியும் மசித்த வாழைப்பழமும் கொடுத்துப் பாலைக் கொஞ்சம் குறைத்தோம்.

அதே நாட்களில் சித்திரை மழையும் பெய்யத் தொடங்கியது. வெக்கை குறைந்தது. களத்துத் தூசியும் அடங்கியது. நானும் கரடான காக்கிச் சட்டையை விட்டுவிட்டு வீட்டில் மெல்லிய சால்வையைத் தோளில் போட்டேன். கன்னம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மிருதுவாகி, ஒருநாள் பார்த்தால் ஒன்றும் இல்லை. பாலா, மழையா, தூசியா, சட்டையா? நாங்கள் இருவரும் பல தடவை பேசிப் பார்த்திருக்கிறோம். பிறகு எங்களுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவனுக்குக் கன்னம் சிவந்தது, அதே மாட்டுப்பாலில்தான். மற்றவளுக்குச் சிவக்கவே இல்லை, அதுவும் அதே மாட்டுப்பாலில்தான்.

மூத்தவள் தாயிடம் போன நாளும் அப்படித்தான், காரணம் தெரியாது. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். நான் குசினியில் போத்தலைக் கொதிநீரில் போட்டெடுத்து, பாலை விட்டு, கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக்கொண்டு வந்தேன். பிள்ளை பாயில் இல்லை. மனைவி சுவரோடு சாய்ந்து இருந்தா. பிள்ளை அவவின் நெஞ்சில் குப்புறக் கிடந்து நித்திரை. ஒரு கை அவவின் தலையில், முளைத்து வருகிற குட்டை முடியைத் தடவியபடி அப்படியே நின்றிருந்தது.

"தானாய்த் தவண்டு வந்தவள்," என்று உதட்டசைவால் மட்டும் சொன்னா. அசைந்தால் எழும்பிவிடுவாள் என்ற பயம். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

நான் பால் போத்தலோடு நின்றேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதோடு வேறொன்றும் வந்தது. மடி வெறுமையாகி, தோள் ஒரு பக்கம் இலேசாகி, நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத ஒரு நிலை. போத்தலை எங்கே வைப்பது என்றுகூட யோசனை ஓடவில்லை.

யன்னலில் யாரோ "மாஸ்ரர்!" என்று கூப்பிட்டார்கள். போத்தலும் கையுமாகப் போனேன். வந்தவர் ஏதோ கேட்டார். முத்திரையா, காசுக்கட்டளையா என்று திரும்பக் கேட்டேன். அவர் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் கேட்டேன்.